அப்பாவுக்கு ஹெர்னியா: உடனே ஆபரேஷனா, தீபாவளி வரை பொறுக்கலாமா?

மளிகைக்கடைப் பையன் (திருப்பூர்)

வணக்கம். அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருடமாக மளிகைக்கடை. இன்றைக்கும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தானே தோளில் ஏற்றுவார், கடைப் பையனைத் தொட விடமாட்டார். போன வாரம் கல்லாவில் நின்றபடி தும்மினார். தும்மல் வருவதற்கு முன்பே வலது கை தானாக அடிவயிற்றுக்குக் கீழே போய் அழுத்திப் பிடித்துக்கொண்டது. "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல, நீ கணக்கப் பாரு" என்றார்.

இரண்டு நாள் கழித்து அம்மாதான் சொன்னார். ஒரு வருடமாகத் தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம் இருக்கிறதாம். படுத்தால் உள்ளே போய்விடுமாம், எழுந்து நின்றால் திரும்ப வருமாம். அதற்காகவே இறுக்கி லங்கோடு கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

கெஞ்சிக் கூத்தாடி ஒரு சர்ஜனிடம் கூட்டிப் போனேன். நிற்க வைத்து இருமச் சொன்னார், விரல் வைத்துப் பார்த்தார், ஒரு நிமிடத்தில் முடிந்தது. "குடலிறக்கம். மெஷ்னு ஒரு வலை வைக்கணும். அவசரம் இல்ல, ஆனா ஆபரேஷன் இல்லாம போகாது" என்றார். அப்பா அதில் "அவசரம் இல்ல" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்கிறார். பக்கத்துக் கடைக்காரர் பெல்ட் போடச் சொல்கிறார். பெரியம்மா ஏதோ லேகியம் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செங்கோட்டை பாசஞ்சர்

தம்பி, நானும் இப்படித்தான் நாலு வருடம் ஓட்டினேன். ரயில்வேயில் நின்று செய்கிற வேலை. காலையில் ஒன்றும் தெரியாது, சாயந்திரம் ஆனால் ஏதோ இழுக்கிற மாதிரி ஒரு கனம். கடைசியில் அந்த இடத்தைக் கீறித் திறந்து செய்தார்கள், முதுகில் மரத்துப்போகிற ஊசி போட்டு. மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். செய்தபிறகுதான் தெரிந்தது, நாலு வருடமும் நான் நேராக நின்றே இருக்கவில்லை என்று.

பெல்ட் பற்றி: வாங்கினேன். வேர்க்குரு வந்தது. அவ்வளவுதான் பலன்.

கத்தியும் நூலும்

நான் சர்ஜன்தான். ஆளைப் பார்க்காமல் இன்னாருக்கு இதுதான் என்று சொல்லமாட்டேன். விஷயத்தை மட்டும் சொல்கிறேன். உங்கள் அப்பா மளிகைக்காரர் என்பதால் எனக்கு வேலை சுலபம்.

சாக்கில் ஒரு இடத்தில் இழை விட்டுப்போகிறது. அந்த வழியே அரிசி பிதுங்கி நிற்கிறது. வெளியே தெரிவது அரிசி, கோளாறு சாக்கில். ஹெர்னியா இதுதான். வயிற்றுச் சுவரின் தசையில் ஓட்டை விழுந்து, வயிற்றின் உள் சவ்வு ஒரு பை மாதிரி வெளியே தள்ளுகிறது. அந்தப் பைக்குள் கொழுப்போ குடலோ இறங்குகிறது. லேகியம் சாப்பிட்டால் சாக்கு ஓட்டை அடைபடுமா? பெல்ட் என்பது சாக்கின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது. கையை எடுத்தால் அரிசி வெளியே.

ஏன் ஆண்களுக்கு அந்த இடத்திலேயே வருகிறது? கருவில் இருக்கும்போது விரைகள் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன. பிறப்பதற்கு முன் தொடையிடுக்கு வழியாகக் கீழே இறங்குகின்றன. இறங்கிய பாதை முழுதாக மூடுவதில்லை, விரைக்குப் போகும் ரத்தக் குழாயும் விந்துக் குழாயும் அதன் வழியே போகவேண்டுமே. ஆக, எல்லா ஆணுக்கும் அங்கே பிறவியிலேயே ஒரு பலவீனமான வாசல் உண்டு. வாழ்நாளில் நான்கு ஆண்களில் ஒருவருக்கு அங்கே குடலிறக்கம் வருகிறது என்பது கணக்கு. பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்குத்தான். மூட்டை தூக்குவதை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், பிராஸ்டேட் வீக்கத்தால் முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பது, பரம்பரை என்று நிறைய இருக்கிறது. பீடி பிடிப்பாரா?

இன்னொன்று, ஊரில் எல்லா வீக்கத்தையும் "ஓதம்" என்று சொல்லிவிடுவார்கள். ஓதம் என்பது விதைப்பையில் நீர் கோத்துக்கொள்வது. பெரியவர்களுக்கு வருகிற ஓதம் பெரும்பாலும் படுத்தாலும் உள்ளே போகாது. இருட்டறையில் டார்ச் அடித்தால் செக்கச்செவேலென்று ஒளி ஊடுருவும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சந்தேகப்பிராணி

டாக்டர் சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. வலி இல்லாத ஹெர்னியாவை எதற்கு வெட்டவேண்டும்? அமெரிக்காவில் 720 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன், இன்னொரு பாதிக்குச் சும்மா கண்காணிப்பு என்று வைத்துப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான ஆய்வு. சும்மா விட்டவர்களில் குடல் மாட்டிக்கொண்டு அவசரத்துக்குப் போனது வருடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. அப்புறம் மெஷ் போட்டால் வலி வருகிறது, வழக்கு நடக்கிறது என்று யூடியூப் முழுக்க வீடியோ. யோசித்துச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கத்தியும் நூலும்

கோபம் இல்லை, ஆய்வைச் சரியாகத்தான் சொல்கிறீர்கள். அதன் பாதியைத்தான் சொல்கிறீர்கள். அதே ஆட்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் காரணம் வலி. அதாவது பொறுத்திருப்பது ஆபத்தில்லை, ஆனால் அது ஆபரேஷனைத் தவிர்ப்பது இல்லை, தள்ளிப்போடுவது. அதுவும் அந்த ஆய்வில் இருந்தவர்கள் தொந்தரவே இல்லாத, அல்லது மிகக் குறைந்த தொந்தரவு உள்ள ஆண்கள். தும்மும்போது கையை வைத்துப் பிடிக்கிறவர் அந்தக் கணக்கில் வருவாரா என்று யோசியுங்கள்.

மெஷ் வழக்கு பற்றி: நீங்கள் பார்த்த வீடியோக்களில் பாதி, பெண்களுக்குக் கருப்பை இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைத்த வலையைப் பற்றியதாக இருக்கும். அதைத்தான் 2019-இல் அமெரிக்க அரசு விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஹெர்னியா மெஷ்ஷிலும் கோளாறான ரகங்கள் வந்து சந்தையை விட்டுப் போனது உண்மை. தொடையிடுக்கில் வைக்கிற சாதாரண பாலிப்ரொப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) வலை வேறு கதை, அது 1960-களிலிருந்து மனித உடம்பில் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் தாண்டியும் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு வலி இருக்கிறது என்பதை மறைக்கமாட்டேன். பெரும்பாலும் அது ஒரு உறுத்தல். நூற்றில் சில பேருக்கு அன்றாட வேலையையே கெடுக்கும். ஆபரேஷனுக்கு முன் சர்ஜன் இதைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேட்கவேண்டும்.

காவேரிக்கரை

"அவசரம் இல்லை" என்பது ஆண்களுக்கு. எங்கள் பாட்டி கதையைச் சொல்கிறேன்.

எழுபத்தாறு வயது, ஒல்லியான உடம்பு. திடீரென்று வாந்தி, வயிறு உப்புசம். வாயு என்று ஓமத் தண்ணீர், பெருங்காயம் எல்லாம் கொடுத்தோம். முதலில் போன இடத்தில் வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள், புடவையை விலக்கிப் பார்க்கவில்லை. பாட்டியும் சொல்லவில்லை. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி டாக்டர் பெண்தான் தொடையிடுக்கில், பாவாடை நாடாவுக்கு ஒரு சாண் கீழே, நெல்லிக்காய் அளவுக் கட்டியைக் கண்டுபிடித்தார். கல் மாதிரி இருந்தது. தொட்டவுடன் பாட்டி அலறிவிட்டார். குடல் அதில் மாட்டி, ரத்த ஓட்டம் நின்று, கறுத்துப்போய்விட்டது. ஒரு முழம் குடலை வெட்டி எடுத்து ஒட்டினார்கள். பிழைத்தார், ஆனால் எழுந்து நடமாட இரண்டு மாதம் ஆனது.

எத்தனை மாதமாக இருந்தது என்று கேட்டால் "அது கெடக்கு" என்றார்.

கத்தியும் நூலும்

அக்கா சொன்னது தொடைக்குப் போகும் ரத்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் வருகிற இன்னொரு வகைக் குடலிறக்கம். வாசல் மிகக் குறுகல், ஓரம் கெட்டி. அதனால்தான் குடல் மாட்டிக்கொள்கிறது. பெண்களுக்குத் தொடையிடுக்கில் ஹெர்னியா என்றால் பொறுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது.

எல்லோருக்கும் ஒரு விஷயம்: வழக்கமாக உள்ளே போகிற வீக்கம் ஒரு நாள் போகவில்லை, கெட்டியாகி வலிக்கிறது, தோல் சிவக்கிறது, வாந்தி வருகிறது, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அன்றைக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி. அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காதீர்கள்.

நிலா அம்மா

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் பெண்ணுக்கு ஐந்து மாதம். அழும்போது தொப்புள் பலூன் மாதிரி வருகிறது. மாமியார் ஐந்து ரூபாய் நாணயம் வைத்துத் துணியால் கட்டுகிறார். சரியா?

வார்டு அக்கா

இருபத்தெட்டு வருடம் சர்ஜரி வார்டில் இருந்தேன், இப்போது ஓய்வு. நாணயத்தை எடுத்துவிடும்மா. அதனால் ஓட்டை சீக்கிரம் மூடாது, அடியில் வேர்த்துப் புண்ணாகும். குழந்தைகளின் தொப்புள் பிதுக்கம் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். மாமியாரிடம் "டாக்டர் சொன்னார்" என்று சொல், நீ சொன்னதாகச் சொல்லாதே. குழந்தைக்குத் தொடையிடுக்கில் வீக்கம் வந்தால் அது வேறு. அது தானே சரியாகாது, உடனே குழந்தைகள் சர்ஜனிடம் போகவேண்டும்.

டொராண்டோ வாசி

நான் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம், இப்ப இருபது வருடமாகக் கனடாவில். வலை வேண்டாம் என்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்குச் சத்திரசிகிச்சை நடந்தது டொராண்டோவுக்குப் பக்கத்தில் தோர்ன்ஹில்லில் இருக்கும் ஷோல்டைஸ் வைத்தியசாலையில். 1945-இல் எர்ல் ஷோல்டைஸ் என்ற வைத்தியர் தொடங்கியது, ஹெர்னியாவைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. பெரும்பாலும் வலை வைக்கமாட்டார்கள். தசை அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து, தொடர் தையல் போடுவார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, கூட அரைமயக்கத்துக்கு ஒரு மருந்து. முடிந்ததும் மேசையிலிருந்து எழுந்து நடக்கச் சொன்னார்கள்! அறையில் டிவி இல்லை. கிடந்தபடி பார்க்கக் கூடாது, எழுந்து வெளியே வரவேண்டும் என்பதற்காகவாம். உடம்பு பருமன் என்றால் முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். நான் ஏழு கிலோ குறைத்துத்தான் திகதி வாங்கினேன்.

ஆனால் ஒன்று, வலைதான் இல்லை. உள்ளே தைத்திருப்பது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி.

சந்தேகப்பிராணி

கம்பியா! எனக்குத் தேவைதான் இது.

புனேயில் தேசார்தா என்ற டாக்டர் வலையே இல்லாமல், நோயாளியின் சொந்தத் தசை உறையிலிருந்தே ஒரு பட்டையை எடுத்து வைத்துத் தைக்கும் முறையை 2001-இல் வெளியிட்டாரே, அது நம்மூரில் கிடைக்காதா?

கத்தியும் நூலும்

தெரிந்தவர்கள் செய்கிறார்கள், நல்ல முறைதான். பிரச்சினை முறையில் இல்லை, கையில். ஷோல்டைஸ் ஆட்கள் நாள் முழுக்க அதையே செய்கிறவர்கள். வருடத்துக்கு ஐந்து செய்கிறவர் அதே தையலைப் போட்டால் அதே பலன் வராது.

மறுபடி சாக்குக்கு வருகிறேன். 1880-களில் இத்தாலியில் பஸ்ஸீனி என்பவர் ஓட்டையின் இரு ஓரத்தையும் இழுத்துப் பிடித்துத் தைத்தார். நூறு வருடம் உலகமே அதைத்தான் செய்தது. நைந்த சாக்கை இழுத்துத் தைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். தையலுக்குப் பக்கத்திலேயே கிழியும். 1980-களில் லாஸ் ஏஞ்சலஸில் லிக்டென்ஸ்டைன், இழுக்காமல் மேலே ஒரு ஒட்டு போட்டால் போதும் என்று காட்டினார். வலைதான் அந்த ஒட்டு. அதன் கண்களுக்குள் உடம்பின் திசு வளர்ந்து ஆறே வாரத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது.

லேப்ராஸ்கோபி என்றால் அதே ஒட்டை சாக்குக்கு உள்பக்கமாக வைப்பது. அரிசியின் கனமே ஒட்டைச் சாக்கோடு சேர்த்து அழுத்தும். மூன்று சின்னத் துளை, வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குப் போகலாம். இரண்டு பக்கமும் ஹெர்னியா இருந்தாலோ, முன்பு திறந்து செய்து திரும்ப வந்திருந்தாலோ, பெண்களுக்கோ நான் அதைத்தான் விரும்புவேன். ஆனால் முழு மயக்கம் வேண்டும், செலவு கூடுதல், செய்கிறவருக்கு நல்ல பழக்கம் வேண்டும்.

வலை என்றால் ஏதோ விண்வெளிச் சமாச்சாரம் என்று நினைக்கவேண்டாம். மகாராஷ்டிரத்தில் தொண்டாயிச்சா என்ற சின்ன ஊரில் டாக்டர் டோங்காவ்கர், கம்பெனி வலை வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கொசுவலைத் துணியையே வெட்டி, கிருமி நீக்கி வைத்தார். சிரித்தவர்கள் இருந்தார்கள். 2016-இல் உகாண்டாவில் முந்நூறு பேரிடம் கொசுவலைத் துணியையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்டு முறையாக ஆய்வு செய்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. (வீட்டுக் கொசுவலையை எடுத்துக்கொண்டு யாரும் வரவேண்டாம்.)

காவேரிக்கரை

டாக்டர், எனக்கு இரண்டு சிசேரியன், அப்புறம் கருப்பை எடுத்தது. தழும்பு இருக்கிற இடத்தில் இப்போது உட்கார்ந்து எழுந்தால் மேடு தெரிகிறது. இதுவும் அதேதானா?

கத்தியும் நூலும்

அதே குடும்பம். பழைய தையல் விட்ட இடம். தொடையிடுக்கை விட இது பெரிய வேலையாக இருக்கலாம், ஓட்டையின் அகலத்தைப் பொறுத்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு நேரில் காட்டுங்கள். சர்க்கரையும் எடையும் கட்டுக்குள் இல்லாமல் செய்தால் திரும்ப வர வாய்ப்பு அதிகம், அதை முதலில் கவனிக்கச் சொல்வார்கள்.

மளிகைக்கடைப் பையன்

எல்லோருக்கும் நன்றி. சாக்குக் கதையை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா புரிஞ்சிருக்குமில்ல" என்றார்.

டாக்டர் சார் பீடியைக் கேட்டீர்களே, ஆமாம், ஒரு நாளைக்கு ஒரு கட்டு. இரவில் இருமல் உண்டு. நாங்கள் லேப்ராஸ்கோபியா திறந்து செய்வதா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தோம். மயக்க டாக்டர் நுரையீரலைச் சோதித்துவிட்டு ஒரே பேச்சில் முடித்துவிட்டார். முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி, திறந்து செய்வது. அதுவும் நாலு வாரம் பீடியை நிறுத்திவிட்டு வந்தால்தான். பிராஸ்டேட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். தேதி தீபாவளிக்குப் பிறகே விழுகிறது. ஆக அப்பா ஜெயித்துவிட்டார், பீடியைத் தவிர.

காப்பீடு பற்றி யாராவது சொல்லுங்கள்.

செங்கோட்டை பாசஞ்சர்

தனியார் பாலிசி என்றால் எடுத்த தேதியைப் பாருங்கள். ஹெர்னியாவுக்குப் பல பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. என் மச்சான் பதினெட்டாவது மாதம் போய் மூக்கறுபட்டான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று ஒரு மேசை இருக்கும், அனுமதி வாங்கிய பிறகு சேருங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருக்கவேண்டும். அரசு ஆஸ்பத்திரியிலும் நன்றாகவே செய்கிறார்கள், தேதிக்குக் காத்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வார்டு அக்கா

தேதி வந்துவிட்டது என்றால் என் பங்குக்கு.

படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழக்கூடாது. பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழவேண்டும். இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையை அந்த இடத்தில் வைத்து அழுத்திப் பிடிக்கவேண்டும் (அப்பாவுக்கு இது ஏற்கெனவே தெரியும்!). முதுகில் ஊசி போட்டால் சில பேருக்குச் சிறுநீர் வராமல் திண்டாடுவார்கள், வெட்கப்படாமல் நர்ஸைக் கூப்பிடச் சொல். இரண்டாம் நாள் விதைப்பை நீலம் பாய்ந்து கத்திரிக்காய் மாதிரி ஆகலாம். வார்டில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். ரத்தம் கீழே இறங்கி நிற்பது அது, இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். தையலைச் சுற்றி மரத்துப்போயிருக்கும், அதற்கும் பயம் வேண்டாம். காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடுகிற வலி, இதற்கெல்லாம் உடனே போகவேண்டும்.

அப்புறம் பத்தியம். முட்டை, மீன், பருப்பு எதையும் நிறுத்தாதே. "சீழ் பிடிக்கும்" என்று சொல்லி வெறும் ரசஞ்சோறு போட்டு ஆளை வற்றவிடுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். புண் ஆறப் புரதம் வேண்டும். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்: கொய்யா, கீரை, நிறையத் தண்ணீர். முதல் நாளிலிருந்தே நடக்கலாம், மாடிப்படி ஏறலாம். சிப்பம் மட்டும் டாக்டர் சொல்லும் வரை கூடாது.

மளிகைக்கடைப் பையன் (ஏழு வாரம் கழித்து)

ஆபரேஷன் முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. முதுகு ஊசி என்பதால் அப்பா முழித்துக்கொண்டே இருந்திருக்கிறார், உள்ளே டாக்டரிடம் பாமாயில் விலை பேசினாராம். மறுநாள் மாலை வீடு. கத்திரிக்காய் விஷயம் அப்படியே நடந்தது. வார்டு அக்கா சொல்லியிருக்காவிட்டால் ராத்திரியே ஆட்டோ பிடித்திருப்போம். மூன்று நாள் நல்ல வலி, பிறகு மாத்திரை தேவைப்படவில்லை. இப்போது தழும்புக்குக் கீழே கெட்டியாக ஒரு மேடு இருக்கிறது, திரும்ப வந்துவிட்டதோ என்று பயந்தோம். தையல் பிரிக்கப் போனபோது காட்டினேன். ஆறுகிற திசு, கரைந்துவிடும் என்றார்.

பீடி இன்னும் தொடவில்லை. மெல்லுவதற்குக் கல்லாவில் கிராம்பு வைத்திருக்கிறார். நேற்று கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, சிப்பத்தை எப்படித் தூக்கவேண்டும் என்று கடைப் பையனை உயிரை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகப் பார்க்க வந்தார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, எங்களை வெளியே போகச் சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பத்து நிமிடம் கழித்து அப்பா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். சித்தப்பாவுக்கும் அதே இடத்தில்தானாம். ஆறு வருடமாம். புதன்கிழமை டோக்கன் போட்டிருக்கிறேன்.